போன பணம் திரும்புமோ?

பயணச்சீட்டுச் சாளரத்தின் உட்புறம் அமர்ந்திருப்போருக்கு, ‘பணத்தைத் திருப்பித் தாருங்கள்’ என்னும் சொல் புதியதன்று. குப்பம் நிலையத்தில் அதனைத் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் நாள்தோறும் கேட்கிறோம். வண்டியைத் தவறவிட்டவர், நாளை மாற்றிப் பதிந்தவர், வீட்டில் துக்கம் நேர்ந்து பயணத்தைக் கைவிட்டவர் என எத்தனையோ பேர் வருவர். விதிப்படி கழிவு போக மிச்சத்தை எண்ணித் தருவது நம் தொழில். சாளரத்தின் வெளிப்புறம் நின்று பணம் கேட்பவரின் மனம் எத்தகையது என்பதைச் சென்ற ஆண்டு வரை நாம் உணர்ந்ததில்லை.

நம் இல்லத்தரசியின் தங்கைக்கு வளைகாப்பு வந்தது. பிறந்த வீடு திருப்பத்தூர்ப் பக்கம். வெளிமாநிலத்தில் உத்தியோகம் பார்க்கும் மாப்பிள்ளை வீட்டார் வெறுங்கையோடு போவதா என்ற கவலை, இப்பத்திரிகையைப் படிக்கும் சகோதரிகள் அறியாததன்று. கைபேசியில் ஒரு விளம்பரம் தென்பட்டது. மயிற்கழுத்து நிறத்தில் ஒன்றும் அரக்கு நிறத்தில் ஒன்றுமாக இரண்டு பட்டுச் சேலைகள், விலை 3,480 ரூபாய். படத்தின் கீழே ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. ‘இன்னும் இரண்டே உள்ளன’ என்ற வாசகமும் இருந்தது. இத்தகைய பொய் அவசரத்தை மூட்டுவது முறையற்ற வணிகம் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறைகளில், தடுக்கப்பட்ட 13 தந்திரங்களுள் ஒன்றாகச் சேர்த்துள்ளது என்பதைப் பின்னரே கற்றோம். அன்று கடிகாரம் வென்றது. சீட்டுப் பணத்தில் மிச்சம் பிடித்த தொகை யு.பி.ஐ. வழியே நொடியில் சென்றது.

ஒன்பதாம் நாள் பொட்டலம் வந்தது. உள்ளே யாரோ உடுத்துக் கழித்த நைலக்ஸ் சேலை ஒன்று, ஓரம் கிழிந்து, மஞ்சள் கறையுடன் இருந்தது. வீட்டில் அன்று அடுப்பெரியவில்லை. பணம் போனதைவிட, தான் ஏமாந்தது பிறந்த வீட்டாருக்குத் தெரிந்துவிடுமே என்பதுதான் அவரை வருத்தியது.

இவ்வகை வஞ்சகம் புதிதென்று எண்ண வேண்டா. நம் நாட்டு அஞ்சல் துறை ‘வி.பி.பி.’ என்னும் முறையைத் தொடங்கியது 1877-இல். பொருளைத் தபால்காரர் கொணர்வார். விலையை அவரிடம் செலுத்திய பின்னரே பொட்டலத்தைப் பிரிக்கலாம். நம் தந்தையார் 1970-களில் பத்திரிகை விளம்பரம் கண்டு டிரான்சிஸ்டர் ஒன்றுக்கு எழுதிப்போட்டு, வி.பி.பி.யில் வந்த பெட்டியைப் பிரித்தபோது உள்ளே செங்கல் இருந்த கதையை இன்றும் சொல்லிச் சிரிப்பார். அன்று சிரித்தாரா என்று நாம் கேட்டதில்லை. அவர் யாரிடமும் முறையிடவில்லை. முறையிட எந்த இடமும் அவருக்குத் தெரியாது. நுகர்வோர்க்கென நாட்டில் தனிச் சட்டம் பிறந்ததே 1986-இல்தான்.

நாம் பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்தியவர். சட்டம் என்றால் நமக்கும் தயக்கமே. ஆயினும் பார்சல் அலுவலகத்தில் சில ஆண்டுகள் பணி புரிந்த பழக்கத்தால், சேலையைப் பார்ப்பதற்கு முன் உறையின் மீதிருந்த சீட்டைப் பார்த்தோம். அதில் எடை 310 கிராம் என அச்சிட்டிருந்தது. அசல் பட்டுச்சேலை ஒன்றே அரைக் கிலோ அளவுக்கு நிற்கும். இரண்டு சேலைகள் 310 கிராமில் எவ்வாறு அடங்கும்? பொருள் வழியில் மாறியது என்று வணிகர் சொல்ல இனி வழியில்லை; அனுப்பும்போதே வஞ்சித்திருக்கிறார். அனுப்பியவர் விலாசமும் அச்சீட்டில் இருந்தது. விளம்பரத்தில் கண்ட பெயர் வேறு, சீட்டில் இருந்த பெயர் வேறு. ஆதலின் அன்பர்களே, பொட்டலத்தின் மேலுறையைக் குப்பையில் எறியாதீர்கள். பிரிப்பதைக் கைபேசியில் படம் பிடித்து வைத்தல் இன்னும் நன்று. நம் வீட்டில் அதனைச் செய்யவில்லை.

வணிகருக்கு மின்னஞ்சல் எழுதினோம். மூன்றாம் நாள் விடை வந்தது: “தவறுக்கு வருந்துகிறோம், 3,480 ரூபாய்க்குக் கூப்பன் தருகிறோம், வேறு பொருள் வாங்கிக்கொள்ளலாம்.” திருடனிடமே மறுபடி கடைக்குப் போகச் சொல்வது போன்றது இது. ஓலா என்னும் வாடகைக் கார் நிறுவனமும் முன்னர்ப் பணத்துக்கு ஈடாக அடுத்த பயணத்துக்கான கூப்பனையே தந்து வந்தது. பணத்தை வங்கிக் கணக்கில் பெறுவதா, கூப்பனாகப் பெறுவதா என்பதை வாடிக்கையாளரே தெரிந்தெடுக்க வழி செய்தல் வேண்டும் என்று மத்திய ஆணையம் 2024 அக்டோபரில் அதற்குக் கட்டளையிட்டது. அச்செய்தி நம் நினைவில் இருந்தமையால் கூப்பனை மறுத்து எழுதினோம். அதன்பின் விடையே இல்லை.

இனிச் சொல்லப்போவதே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. ஒரு நாள் பிற்பகல், சாளரத்தின் முன் நீண்ட வரிசை நிற்கையில் வீட்டிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. பணியில் இருக்கும்போது அவர் அழைப்பவர் அல்லர். “பணம் திரும்பி வருகிறதாம். கியூ.ஆர். கோடு அனுப்பியிருக்கிறார்கள். இரகசிய எண்ணைப் போடச் சொல்கிறார்கள். போடட்டுமா?” என்றார். “எதையும் தொடாதே!” என்று நாம் கத்தியதில் வரிசையில் நின்ற முதியவர் ஒருவர் சில்லறையைக் கீழே போட்டுவிட்டார்.

நடந்தது இதுதான். அவ்வணிகரின் ‘வாடிக்கையாளர் சேவை எண்’ எது என்று கைபேசியில் தேடியிருக்கிறார். கிடைத்த எண்ணில் பேசியவர் மிகவும் பணிவாகப் பேசியிருக்கிறார். அது வணிகரின் எண்ணும் அன்று. பணம் இழந்து தவிப்போர் தேடி வருவார்கள் என்று தெரிந்தே வேறு கள்வர் இணையத்தில் இட்டுவைத்த தூண்டில். யு.பி.ஐ.யில் இரகசிய எண் பணம் கொடுப்பதற்கே உரியது. பெறுவதற்கு அது எக்காலத்தும் வேண்டியதில்லை. இன்னொரு கணம் தாமதித்திருந்தால், 3,480-ஐத் தேடப்போய் மாதச் சம்பளம் முழுவதும் போயிருக்கும்.

போன வீடும் உண்டு. நம் சங்கத்து அன்பர் ஒருவர் இதே வகையில், எதிர்முனையில் இருந்தவன் சொன்ன செயலியைக் கைபேசியில் இறக்கி, 18,000 ரூபாயை இழந்தார். வெட்கத்தால் இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. அவர் அன்றே 1930 என்னும் எண்ணை அழைத்திருந்தால், பணம் கைமாறிச் செல்லும் வங்கிகளுக்குச் செய்தி பறந்து, எஞ்சியதையேனும் நிறுத்தி வைத்திருக்கக் கூடும். சைபர் குற்றங்களுக்கென்றே மத்திய உள்துறை அவ்வெண்ணை நடத்துகிறது. முதல் சில மணி நேரமே அங்கு உயிர். நம் அனுமதியின்றிக் கணக்கிலிருந்து பணம் போனால் மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவிப்போருக்கு இழப்பில்லை என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் சுற்றறிக்கை விடுத்தது உண்மையே. ஆனால் இரகசிய எண்ணை நம் கையாலேயே இட்டுவிட்டோமாயின் அவ்விதியின் நிழலில் ஒதுங்குவது கடினம். அந்த அன்பர் அதனை நம்பி வங்கிக்கு நடந்த நடை கொஞ்சமன்று.

நம் வழக்குக்கு மீள்வோம். பொருள் மோசம், வணிகர் மறுக்கிறார் என்னும் வழக்குகளுக்கு வேறு வாயில். அது 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கு 17 மொழிகளில் முறையிடலாம். தமிழும் அவற்றுள் ஒன்று. ஆந்திரத்தில் வாழ்வதால் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோதான் பேச வேண்டுமென்று அஞ்சி வாளாவிருக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல. நம் மனைவியாரே தமிழில் பேசி முறையீட்டைப் பதிவு செய்தார். எண் ஒன்று குறுஞ்செய்தியாக வந்தது. ஆயினும் அவ்வுதவி மையம் நீதிமன்றமன்று. வணிகரிடம் எடுத்துச் சொல்லும், கட்டளையிடாது. பெரிய நிறுவனங்கள் பெயருக்கு அஞ்சி இறங்கி வரும். பெயரே பொய்யானவர் எதற்கு அஞ்சுவார்? இருபது நாள் கடந்தும் அங்கிருந்து ஒன்றும் வரவில்லை.

அடுத்து, உறையில் கண்ட விலாசத்துக்கு ஓர் அறிவிப்புக் கடிதம் எழுதினோம். வக்கீல் இல்லை, வெள்ளைத்தாளில் நாமே எழுதியது. வாங்கிய நாள், தொகை, பொருளின் நிலை, எடைச் சீட்டின் விவரம், பதினைந்து நாளில் பணம் வராவிடில் ஆணையத்துக்குச் செல்வோம் என்ற செய்தி, அவ்வளவே. பதிவுத் தபாலில் அனுப்பப் போனால், 2025-இல் அதனை விரைவு அஞ்சலோடு இணைத்துவிட்டார்கள் என்றார் அஞ்சலகத்து நண்பர். விரைவு அஞ்சலில் சென்ற கடிதம், அவ்விலாசத்தில் அப்பெயருடையார் இல்லை என்ற குறிப்போடு திரும்பி வந்தது. நம் இல்லத்தரசி, “விட்டுவிடுங்கள்” என்றார். திரும்பி வந்த அந்த உறையே பின்னர் நமக்குக் கைகொடுத்தது.

வங்கிக் கணக்கை மறுபடி பார்த்தோம். பணம் வணிகரின் பெயருக்கு நேரே போகவில்லை. இடையில் பணம் வாங்கிக் கொடுக்கும் ஓர் இடைநிலை நிறுவனத்தின் பெயர் இருந்தது. இணைய வாணிகத்தில் பெரும்பாலும் இப்படித்தான். இத்தகைய நிறுவனங்கள், தம்மிடம் சேரும் வணிகர் மக்களை ஏமாற்றும் எண்ணமுடையவர் அல்லர் என்பதை முன்னரே விசாரித்தறிதல் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020 மார்ச்சில் நெறிமுறை வகுத்தது. அந்நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதினோம். ‘உங்கள் வணிகர் தந்த விலாசம் பொய், இதோ அஞ்சல் துறையின் குறிப்பு, இதோ 310 கிராம் சீட்டு, இதோ 1915-இன் பதிவு எண்’ என்று படங்களை இணைத்தோம். வசை ஒன்றும் எழுதவில்லை. சாளரத்தின் முன் வசைபாடுவோரின் விண்ணப்பம் விரைவில் நகர்வதில்லை என்பது நமக்குத் தெரியும்.

அதே வேளையில் சித்தூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு ஆயத்தம் செய்தோம். புலம்பெயர்ந்து வாழ்வோர் இதனைக் குறித்து வைத்துக்கொள்ளல் நலம். 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, எதிர்க்கட்சியார் இருக்கும் இடத்திலோ வழக்கின் காரணம் பிறந்த இடத்திலோதான் முறையிடலாம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம், முறையிடுபவர் வசிக்கும் இடத்திலும் தொழில் புரியும் இடத்திலும் மனுச் செய்யலாம் என்றது. பெங்களூரில் வேலை, குப்பத்தில் குடித்தனம் என்றால் இரண்டில் எது வசதியோ அது. விலை 5 இலட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்தல் வேண்டும். மனுவை இ-ஜாக்ரிதி என்னும் இணைய வாயிலிலேயே அளிக்கலாம். அது 2025 ஜனவரியில் திறக்கப்பட்டது. வேண்டிக்கொண்டால் காணொளி வழியே விசாரிக்கவும் சட்டம் இடந்தருகிறது. சித்தூருக்கு மலைப்பாதையில் நூறு கிலோமீட்டர் அளவு பேருந்தில் போய் வர ஒரு நாள் விடுப்பு வேண்டிய நம்போல்வார்க்கு இது பெரிய உதவி. மூன்று மாதத்தில் தீர்ப்பளிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதனினும் நீளுவதுண்டு என்பதையும் மறைப்பதற்கில்லை.

பெரிய தொகைகளே எத்தனை காலம் இழுபட்டன என்பதற்கு ஒரு சான்று. கொரோனா ஊரடங்கில் நின்றுபோன விமானப் பயணங்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருமாறு உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் தீர்ப்பளித்தது. எனினும், யாத்ரா என்னும் பயண நிறுவனத்திடம் 2021-இல் 36,276 பதிவுகளுக்கான 26 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தொகை நிலுவையில் இருந்தது. மத்திய ஆணையம் தொடர்ந்து நெருக்கியதில், 2024 ஜூனில் அது 4,837 பதிவுகளாகவும் இரண்டரைக் கோடி ரூபாய் அளவாகவும் குறைந்தது. எஞ்சியோரைத் தொலைபேசியில் அழைத்துப் பணம் சேர்ப்பதற்கென்றே ஐவரை நியமிக்குமாறு ஆணையம் அப்போது உத்தரவிட்டது.

நம் மனுவை அனுப்பும் வேலை இருக்கவில்லை. பணம் போன ஐம்பத்திரண்டாம் நாள், இரவுப் பணி முடிந்து வீட்டுக்கு வந்தபோது கைபேசியில் செய்தி கிடந்தது: 3,480 ரூபாய், கழிவின்றி. இடைநிலை நிறுவனத்தின் பெயரிலேயே வந்திருந்தது. வணிகர் தந்தாரா, அவர்கள் பிடித்து வைத்திருந்ததிலிருந்து தந்தார்களா என்பது நமக்குச் சொல்லப்படவில்லை. வளைகாப்பு அதற்கு மூன்று கிழமைக்கு முன்னரே முடிந்திருந்தது. தம் கலியாணச் சேலைகளுள் ஒன்றைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார் நம் மனைவியார். அதனை எடுத்துச் சொல்லி யாரிடமும் பணம் கேட்க இயலாது.

அதன்பின் 1915-இலிருந்து ஒரு பெண் அழைத்து, முறையீட்டை முடித்துக்கொள்ளலாமா என்று தமிழில் கேட்டார். “பணம் வந்தது, அவனைப் பிடித்தீர்களா?” என்று வினவினார் இவர். அது தங்கள் வேலையன்று என்று அப்பெண் தயக்கத்துடன் விடையளித்தார்.

அந்தக் கிழிசல் சேலை இன்னும் உறையோடு நம் அலமாரியில் இருக்கிறது. திருப்பி வாங்க எவரும் வரவில்லை. சென்ற வாரம் நம் இல்லத்தரசி கைபேசியைக் கொணர்ந்து காட்டினார். அதே மயிற்கழுத்து நிறச் சேலை, அதே படம், வேறொரு பெயருடைய கடை. இன்னும் இரண்டே உள்ளனவாம். கீழே கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அப்பக்கத்தைப் படமெடுத்து, சைபர் குற்றப் பிரிவின் இணைய வாயிலில் அவரே பதிவு செய்தார். எப்படிச் செய்வதென்று நம்மிடம் கேட்கவில்லை.