உணவோடு உண்ணும் உறை

உணவின் மேல் போர்த்தி, உணவோடு சேர்த்தே தின்னத்தக்க மெல்லிய ஏட்டை உண்ணும் படலம் என்கிறார்கள். அதன் தடிமன் பெரும்பாலும் 0.3 மில்லிமீட்டருக்குள் அடங்கும். தனியாகத் தயாரித்து, உலர்த்தி, பிறகு உணவைச் சுற்றினால் அது படலம். பழத்தைக் கரைசலில் முக்கியோ, மேலே தெளித்தோ அங்கேயே உலரவிட்டால் அது பூச்சு. இரண்டுக்கும் வேலை ஒன்றுதான்: உணவின் ஈரம் போகாமலும், ஆக்சிஜன் தாராளமாக உள்ளே வராமலும், கிருமிகள் பெருகாமலும் காப்பது. வேலை முடிந்ததும் அதை உண்டுவிடலாம். எறிந்தாலும் மண்ணில் மட்கும். சில நாள் பயன்பட்டுப் பல தலைமுறைக்குக் குப்பையாகக் கிடக்கும் பிளாஸ்டிக் உறைக்கு மாற்று தேடுவோர் இதை நாடுவதற்கு அதுவே காரணம்.

பழைய கைவேலை

இந்த நுட்பம் மிகப் பழையது. சீனாவில் 12ஆம் நூற்றாண்டு வாக்கிலேயே ஆரஞ்சு, எலுமிச்சை ஆகியவற்றின் மேல் மெழுகு பூசிக் காத்தார்கள். ஜப்பானில் சோயாப்பாலைக் காய்ச்சும்போது மேலே படியும் ஆடையை எடுத்து உலர்த்தி, ‘யூபா’ என்ற பெயரில் உணவாகவும் உணவுப் பொருளைச் சுற்றவும் பயன்படுத்திவருகிறார்கள். 1930களில் அமெரிக்காவில் உருக்கிய மெழுகைப் பூசிப் பழங்களை விற்பது வணிகமுறை ஆனது.

படலம் உருவாகும் விதத்தைக் கண்ணெதிரே காட்டுவது ஆந்திரத்தின் ஆத்ரேயபுரத்தில் செய்யும் பூதரேக்குலு. அடியில் தீ எரிய, கவிழ்த்து வைத்த பானையின் முதுகில், நீர்த்த அரிசி மாவில் நனைத்த துணியை ஒருமுறை இழுக்கிறார்கள். நொடியில் தாளைப்போல ஓர் ஏடு பிரிந்து வருகிறது. சூட்டில் மாவுச்சத்து வெந்து கஞ்சியாகிறது. நீர் ஆவியானதும் அதன் நீண்ட இழைகள் ஒன்றோடொன்று பின்னி ஏடாக இறுகுகின்றன. காய்ந்த ஏடு தொட்டால் நொறுங்கும். அதனால் ஈரத்துணியால் இலேசாகப் பதப்படுத்திய பின்பே நெய்யும் சர்க்கரையும் வைத்து மடிக்கிறார்கள். தொழிற்சாலைகளிலும் செய்முறையின் அடிப்படை இதுதான். வளைந்து கொடுப்பதற்காக அங்கே கிளிசரால், சார்பிட்டால் போன்றவற்றைச் சேர்க்கிறார்கள்.

மூச்சைக் கட்டுப்படுத்தும் கலை

பறித்த பிறகும் பழம் சுவாசிக்கிறது. ஆக்சிஜனை எடுத்து, சேமித்த சர்க்கரையைச் செலவழித்து, கார்பன் டை ஆக்சைடையும் நீரையும் வெளியிடுகிறது. மா, வாழை, தக்காளி போன்றவை எத்திலீன் வாயுவை உண்டாக்கித் தாமே பழுக்கின்றன. மேலே ஒரு பூச்சு இருந்தால் ஆக்சிஜன் குறைவாகவே உள்ளே செல்லும். சுவாசம் மெதுவாகி, பழுப்பதும் தள்ளிப்போகும். பூச்சு அளவுக்கு மீறினாலோ பழம் மூச்சுத்திணறி, உள்ளே சாராயம் ஊறி வாடை அடிக்கும். எனவே காற்றை அடியோடு அடைக்காமல் அளவாக உள்ளே விடுவதே நல்ல பூச்சின் இலக்கணம். அறுவடைக்குப் பின், சில்லறைக் கடையை எட்டுவதற்குள்ளேயே உலக உணவில் சுமார் 14 சதவீதம் வீணாகிறது என்று ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு 2019இல் மதிப்பிட்டது. அந்த இழப்பைக் குறைக்கும் எளிய வழிகளில் இத்தகைய பூச்சும் ஒன்று.

மூன்று குடும்பங்கள்

முதல் குடும்பம் மாவுச்சத்தும் அதைப் போன்ற பல்சர்க்கரைகளும். மரவள்ளி, அரிசி, சோள மாவுகளும், பழத்தோலில் கிடைக்கும் பெக்டினும், பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டும், இறால், நண்டு ஓடுகளிலிருந்து பெறும் கைட்டோசானும் இதில் சேரும். இரண்டாவது புரதம்: ஜெலட்டின், பாலின் கேசின், சோளத்தின் ஸெயின், கோதுமையின் குளூட்டன். இவ்விரு வகையும் ஆக்சிஜனை நன்றாகத் தடுக்கும், ஈரத்துக்குத் தாங்காது. மூன்றாவது கொழுப்பும் மெழுகும். இவை ஈரத்தைத் தடுக்கும், ஆனால் எளிதில் உடையும். ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்வதற்காக, மாவுக் கரைசலில் மெழுகைக் குழைத்துக் கலப்புப் படலங்களைச் செய்கிறார்கள்.

ஒவ்வொன்றுக்கும் நடைமுறைச் சான்று உண்டு. ஆப்பிளின் பளபளப்பு பல நேரங்களில் மெழுகுப் பூச்சால் வருவது. தேன்மெழுகு, பிரேசில் பனையொன்றின் இலையிலிருந்து வரும் கார்னௌபா மெழுகு, அரக்குப்பூச்சி தரும் ஷெல்லாக் ஆகியவற்றைப் பழங்களில் பூச இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் அனுமதிக்கின்றன. ஆல்ஜினேட் கரைசல் கால்சியம் உப்பில் பட்டதும் இறுகித் தோலாகும். 2019 லண்டன் மாரத்தானில் ஓட்டக்காரர்களுக்கு பானத்தைக் கடற்பாசி உறையிலிட்டு வழங்கினார்கள்; அதைச் செய்தது நாட்ப்ளா நிறுவனம். 2016இல் அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் கேசின் படலம் ஒன்றை அறிமுகப்படுத்தினர். ஆக்சிஜனைத் தடுப்பதில் அது பிளாஸ்டிக்கைவிட 500 மடங்குவரை மேல் என்றார்கள்.

படலம் வெறும் சுவராக இருந்தே தீரவேண்டியதில்லை. கிராம்பு எண்ணெய், இலவங்கப்பட்டை எண்ணெய் ஆகியவற்றைச் சேர்த்தால் பூஞ்சையையும் பாக்டீரியாவையும் அது ஒடுக்கும். கைட்டோசானுக்கு இயல்பிலேயே அந்தக் குணம் உண்டு. சங்குப்பூ, சிவப்பு முட்டைகோஸ் ஆகியவற்றின் நிறமி சேர்த்த படலம், மீன் கெடும்போது எழும் காரவாயு பட்டு நிறம் மாறி எச்சரிக்கும். இது இன்னும் பெரும்பாலும் ஆய்வகத்தில்தான் இருக்கிறது.

மட்கும் என்றால் எங்கே?

உண்ண முடியாத, ஆனால் மட்கக்கூடிய உறைகளும் உள்ளன. அவற்றில் பரவலானது மாவுச்சத்தை நொதிக்கவைத்துச் செய்யும் பாலிலாக்டிக் அமிலம். சுமார் 58 டிகிரி செல்சியஸ் வெப்பம் நிலைக்கும் தொழில்முறை உரக்கூடத்தில் அது சில மாதங்களில் மட்கும். கடலிலும் சாதாரணக் குப்பைமேட்டிலும் பல ஆண்டுகள் அப்படியே இருக்கும். ஐரோப்பியத் தரமான இ.என். 13432, ஆறு மாதத்தில் 90 சதவீதம் சிதைய வேண்டும் என்கிறது. அதுவும் உரக்கூடச் சூழலை வைத்துச் சொல்வதே. சில வேதிப்பொருள்களைச் சேர்த்த சாதாரண பிளாஸ்டிக்கும் ‘சிதையும்’ என்ற பெயரில் விற்கப்படுகிறது. அது நுண்துகள்களாக நொறுங்குமே தவிர மறையாது. ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் இதன் விற்பனையைத் தடைசெய்தது. ஆக, ‘மட்கும்’ என்ற சொல்லோடு எங்கே, எத்தனை நாளில் என்ற விவரமும் உறையில் இருந்தால்தான் அதை நம்பலாம்.

உண்ணும் படலத்துக்கும் எல்லைகள் உண்டு. மழைக்காலக் காற்றின் ஈரமே மாவுப் படலத்தைத் தளரவிடும். விலை பிளாஸ்டிக்கைவிடக் கூடுதல். தெருப்புழுதி படிந்த உறையை யாரும் தின்ன மாட்டார்கள் என்பதால் வெளியே இன்னொரு உறை தேவைப்படும். பால், கோதுமை, சோயா, இறால் ஒவ்வாமை உள்ளவர்களும், ஜெலட்டின் விலக்கும் சைவ உணவினரும் அறிவதற்காக மூலப்பொருளை அச்சிடுவது கட்டாயம்.

இவற்றையெல்லாம் கணக்கில் கொண்டால் இப்படலம் பொருந்தும் இடங்கள் தெளிவாகின்றன: தொலைதூரம் செல்லும் பழங்கள், வெட்டிய காய்கள், மிட்டாய், கரைந்துவிடும் மசாலாப் பொட்டலம், நிகழ்ச்சிகளில் கொடுத்து உடனே தீரும் பானம். மாதக்கணக்கில் ஈரமின்றி இருக்க வேண்டிய மாவு, பருப்பு போன்றவற்றுக்குக் கண்ணாடியும் தகரமும் திரும்பப் பயன்படுத்தும் கலன்களுமே இன்றும் ஏற்றவை.