மார்கழிக் குளிரில் குருவி பார்க்கலாம், வாங்க!

'தினமும் நடங்க' என்று டாக்டர் சொன்னதை, மார்கழி பிறந்ததும் போர்வைக்குள் சுருட்டி வைத்துவிட்டீர்களா? ஒரு யோசனை. நடக்கப் போகாதீர்கள்... பறவை பார்க்கப் போங்கள்!

இதற்காக இருட்டிலேயே எழுந்து பனியில் நிற்க வேண்டாம். ராத்திரி முழுக்க உடம்புச் சூட்டைக் காப்பாற்றக் கொழுப்பைச் செலவழித்த பறவைகள், வெளிச்சம் வந்ததும் பசியோடு இரை தேடும். ஏழு மணிக்குப் போனாலே போதும். மைனா பந்து மாதிரி உப்பியிருந்தால் 'ஐயோ, சீக்கு!' என்று பதறாதீர்கள்; இறகுகளுக்குள் காற்றை அடைத்துக் குளிரைத் தடுக்கிறது. அதன் ஸ்வெட்டர் அது!

உங்களுக்கு? நடந்தால் உடம்பு சூடாகும். பறவைக்காக அசையாமல் நின்றால் சட்டென்று குளிரும். மஃப்ளர், காலுறையோடு ஷூ அவசியம். வீஸிங் உள்ளவர்கள் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, இன்ஹேலரோடு போங்கள். பனியோடு புகையும் சேர்ந்த நாளில் ஜன்னலே போதும். சர்க்கரைக்கு மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் கிளம்பவே கூடாது. நெஞ்சு இறுகினால் உடனே ஆஸ்பத்திரி. குருவி நாளைக்கும் வரும்.

பைனாகுலருக்கு அவசரமில்லை. முதல் வாரம் காக்கை, மைனா, தேன்சிட்டு, கரிச்சான் போதும். அப்புறம் மின்கம்பியைப் பாருங்கள். வரிசையாக உட்கார்ந்திருக்கிறதே, அது தகைவிலான், குளிர்கால விருந்தாளி! கரிச்சானுக்கும் பிளந்த வால்தான். ஆனால் அது முழுக் கறுப்பு. தகைவிலானுக்கு வயிறு வெளுப்பு.

இவை பழகிவிட்டால், ஒரு ஞாயிறு வேடந்தாங்கல். சென்னையிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர்தான். ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு, ஃப்ளாஸ்க்கில் சுக்குக்காபியோடு கிளம்புங்கள்!