இல்லாத ஆண்டு

கி.மு. 1ஆம் ஆண்டு கழிந்ததும் கி.பி. 1 பிறந்தது, இடையே பூச்சியம் என்றோர் ஆண்டு இருந்ததில்லை. அந்த இல்லாத ஆண்டையே பெயராகக் கொண்டது, ‘ஜீரோ ஏ.டி.’ என்னும் கணிப்பொறிப் போர் விளையாட்டு.

சதுரங்கத்தில் ஒருவர் காய் நகர்த்தும்வரை மற்றவர் காத்திருப்பார். இதிலோ இருதிறத்தாரும் ஒரே நேரத்தில் இயங்குவர். உணவு, மரம், கல், உலோகம் ஆகிய நான்கையும் ஈட்டிச் சிற்றூரை நகரமாக்குதல் வேண்டும். வேல் பிடிக்கும் வீரனே போரில்லாப் பொழுதில் மரமும் வெட்டுவான்.

2001இல் இதனைத் தொடங்கிய வைல்டுஃபயர் கேம்ஸ் குழுவினர், 2009இல் இதன் மூலநிரலை, அஃதாவது கணிப்பொறிக்கு இடும் கட்டளைத் தொகுதியை, உலகோர்க்குத் திறந்துவிட்டனர். அன்றுமுதல் எவரும் அதனைப் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். பல நாட்டுத் தன்னார்வலர் ஊதியம் கருதாது நிரல் எழுதினர், கோட்டைகளை வரைந்தனர், இசை அமைத்தனர். படைக்கலம் ஒன்றன் வடிவம் பிழையெனக் கண்டவர் சான்று காட்டி வாதிடலாம். விளையாட்டுக்கு இத்துணை ஆராய்ச்சியா என்று வியப்போரும் உளர்!

மௌரியரும் இதில் இடம்பெற்றுள்ளனர். அவர்தம் யானைகளுள் ஒருவகை போருக்குரியது. மற்றொன்று, வெட்டிய மரத்தை ஏற்கும் நடமாடும் பண்டசாலை. 2025இன் தொடக்கத்தில் வெளிவந்த 27ஆம் பதிப்பு ‘அக்னி’ எனப் பெயர் பெற்றது. ஆயினும், அசோகர் தம் கல்வெட்டில் குறித்த சோழரும் பாண்டியரும் அப்பதிப்பில் தனி நாகரிகமாக அமையவில்லை. அவர்தம் அரண்மனையையும் கலத்தையும் சான்றோடு வரைந்தளிப்பார் முன்வருதல் வேண்டும்.