ஐஸ் பெட்டியின் வெப்பத்தைச் சொல்லும் சிறு கருவி

ஓலைத்தொடுவாய் போன்ற எமது கரைகளிலிருந்து மீன் நெடுந்தூரம் போகிறது. வழியில் ஐஸ் உருகினால் நட்டம் தொழிலாளிக்கே. திறந்து பார்த்தாலோ குளிர் வெளியேறும். திறவாமலே உள்வெப்பத்தைச் சொல்லும் கம்பியில்லாக் கருவியொன்றை நாமே அமைக்கலாம்.

இதன் மூளை அட்மெகா 328பி என்னும் நுண்கட்டுப்படுத்தி. எந்நேரமும் விழித்திருந்தால் ஏறக்குறைய 4 மில்லி அம்பியர் உறிஞ்சும். 2000 மில்லி அம்பியர்-மணி கொண்ட இரு சிறு பற்றரிகள் மூன்று வாரத்தில் தீரும். உறங்கவிட்டு உட்கடிகாரத்தால் எழுப்பினால், உறக்கத்தில் அதன் ஆயிரத்தில் ஒரு பங்கே செலவு. 15 நிமிடத்துக்கொரு தடவை, ஒரு செக்கன் விழித்து அளந்து அனுப்பினாற் போதும். பற்றரி ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

பலர் விரும்பும் டிஎஸ்18பி20 உணரிக்குக் குறைந்தது 3 வோல்ற்று வேண்டும். பற்றரி சற்றுத் தளர்ந்ததும் அதை நம்ப முடியாது. மலிவான தேர்மிஸ்ரரே எமது தெரிவு. நொறுக்கிய நன்னீர் ஐசை நன்னீரில் கலந்து அதில் அமிழ்த்தி 0 பாகையைக் குறித்துக்கொள்ளுங்கள். கடல்நீர் கூடாது; அது பூச்சியத்துக்குக் கீழே இறங்கும்.

ஈர ஐசும் மீனும் றேடியோ அலையை விழுங்கிவிடும். ஆகவே உணரி மட்டும் உள்ளே, அன்ரனா மூடிக்கு வெளியே. உப்புக்காற்று அரிக்காதபடி மூட்டுகளை எப்பொக்சி பசையால் மூடுங்கள். எந்த அலைவரிசை என்பதைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் முதலிலேயே கேட்டறியுங்கள்.