கொசுவத்திக்கு அசராத கொசு: என்ன காரணம்?

கொசுவத்தி ஏத்தியும் கடி நிக்கலையா? ‘மருந்து பழகிப்போச்சு’ என்போம். உண்மையில் கொசு பழகுவதில்லை. மருந்துதான் அதைச் சலித்தெடுக்கிறது.

கொசுவத்தியில் இருப்பது பைரித்ராய்டு. கொசுவின் நரம்பில் சோடியம் நுழையும் வாசலை அது மூடவிடாது. கொசு துடித்துச் சாகும். மரபணு மாற்றத்தால் சில கொசுக்களில் அந்த வாசலே வேறு மாதிரி இருக்கும். அவை பிழைத்து முட்டையிட, சில தலைமுறைகளில் அவையே பெரும்பான்மை.

டிடிடி தாக்குவதும் இதே வாசலைத்தான். 1965-ல் சுமார் 1 லட்சமாகக் குறைந்த இந்திய மலேரியா பாதிப்பு, 1976-ல் 64 லட்சமானதற்கு மருந்தெதிர்ப்பும் ஒரு காரணம்.

பருத்திக்கு அடிக்கும் சைபர்மெத்ரினும் பைரித்ராய்டுதான். அது வழிந்து சேரும் குட்டையிலும் கொசுப்புழுக்கள் இப்படியே சலிக்கப்படும்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி போன்ற வறண்ட பகுதிகளில் தண்ணீரைப் பிடித்து வைக்காமல் முடியாது. டெங்கு கொசு வளர்வதும் அந்த டிரம்மில்தான். வாரம் ஒருமுறை உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி, மூடி வையுங்கள். அதைத் தாங்கும் மரபணு எந்தக் கொசுவிடமும் இல்லை.