ஜாக்கி இருந்து என்ன பயன்?

சென்ற ஆடிப்பூரத்துக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேர் பார்க்க காரில் போயிருந்தோம். மகள் ஓட்டினாள், நானும், மாமியாரும் உடன் சென்றோம். திரும்பும்போது இருட்டி விட்டது. கிருஷ்ணன்கோவிலில் இருந்து, வத்திராயிருப்பு ரோட்டில் சிறிது தூரம் தான் வந்திருப்போம். 'டமார்' என, பின் டயர் வெடித்தது. மகள் பதறி பிரேக்கை மிதிக்காமல், ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, மெல்ல ஓரம் கட்டியதால் பிழைத்தோம்.

ஸ்டெப்னி இருந்தது, ஜாக்கி இருந்தது. மாற்றத் தெரிந்த ஆள் தான் இல்லை. காரைத் தூக்கி விட்டு நட்டைத் திருகினால், சக்கரமும் சேர்ந்து சுற்றியது.

தேங்காய் லோடு ஏற்றி வந்த வேன் டிரைவர் ஒருவர் நிறுத்தினார். 'அக்கா, மொதல்ல காரை இறக்குங்க. பாட்டியை உள்ளே வச்சா தூக்குவாங்க? ஹேண்ட் பிரேக் கூட போடலையே...' என்றார்.

முன் சக்கரத்துக்கு கல் அண்டக் கொடுத்தோம். சக்கரம் தரையில் இருக்கும்போதே, நட்டுகளை அரைச் சுற்று தளர்த்த வேண்டுமாம். கைக்கு அசையாத நட், ஸ்பேனர் மேல் காலை வைத்து அழுத்தியதும், 'கிரீச்' என இளகியது. மாட்டும்போது, பக்கத்து நட்டுக்குப் போகாமல், எதிர் நட்டாகப் பார்த்து முடுக்கச் சொன்னார். அப்போது தான் சக்கரம் கோணாமல் உட்காருமாம். இறக்கிய பின், மறுபடியும் ஒரு இறுக்கு. கடைசி வரை, அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. 'நானே மாத்திட்டுப் போயிட்டா, அடுத்த தடவை யாருக்கா வருவா?' என்றார்.

மறுநாள், டயர் கடைக்குப் போனோம். பழைய காராக வாங்கியபோது, 'டயருக்கு ரெண்டு வருஷம் கவலையில்லம்மா' என்று, விற்றவர் சொன்னதை நம்பியிருந்தோம். டயர் பள்ளத்துக்குள் சின்னச் சின்ன ரப்பர் மேடு இருக்கிறது. தேய்ந்து தேய்ந்து, டயரும் அந்த மேடும் சமமாகி விட்டால், பள்ளம், 1.6 மி.மீ., தான் மிச்சம் என அர்த்தம். அதற்கு மேல் ஓட்டுவது சட்டப்படியே தப்பு. எங்கள் பின் டயர் இரண்டிலும், மேடு எது, பள்ளம் எது என்றே தெரியவில்லை. பக்கவாட்டில், 1516 என்றிருந்தது. 2016ல், 15வது வாரம் தயாரித்தது என்று பொருளாம்!

இரண்டு புது டயர் வாங்கினோம். 'ரெண்டு மட்டும் மாத்தினா, பின்னாடி தான் போடணும். மழையில பின் சக்கரம் வழுக்கினா, வண்டியே சுத்திடும்' என்றார், கடைக்காரர்.

கழற்றிய டயரில் கனகாம்பரம் வைக்கலாம் என, வீட்டுக்கு கொண்டு வரச் சொன்னார், மாமியார். மழைத் தண்ணீர் தேங்கினால், டெங்கு கொசு அதில் தான் முட்டையிடும் என்றதும், 'அப்ப அங்கேயே கெடக்கட்டும்' என்று விட்டார்.

— ஒரு வாசகி, வ.புதுப்பட்டி.