விமானி வேலை நேர்முகத்தில் சம்பளக் கேள்வி



சென்ற மாத உரைக்குப் பிறகு ஓர் அம்மா தொலைபேசியில் கேட்டார்: "தம்பி, மகனை விமானி வேலைக்கு நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கினம். எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறாய் எண்டு கேட்டால் என்ன சொல்லுறது?"

அந்தக் கேள்விக்கு ஒருமுறை பிழையாகப் பதில் சொன்னவன் நான்.

கனடாவில் வணிக விமானி உரிமம் பெறக் குறைந்தது 200 மணித்தியாலம் பறந்திருக்க வேண்டும். எனது மணித்தியாலங்களுக்காக அப்பா பகலில் உணவகத்திலும் இரவில் தொழிற்சாலையிலும் நின்றார். வடக்கே ஒரு சிறிய நிறுவனத்தில் முதல் நேர்முகம். சம்பளம் பற்றிக் கேட்டார்கள். "நீங்கள் தருவது எதுவானாலும் சரி" என்றேன். அகதியாக வந்த வீட்டில் பழகிய பதில் அது. அதே வாரம் அதே வேலையில் சேர்ந்த நண்பன் ஒரு தொகையைச் சொல்லிக் கேட்டிருந்தான். அவனுக்கு மாதம் 400 டொலர் கூட. இரண்டு வருடத்தில் 9,600 டொலர். அப்பாவிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.

முதலில் நிறுவனம் எப்படிப்பட்டது என்று பாருங்கள். விமானிகள் சங்கத்துடன் ஒப்பந்தம் உள்ள பெரிய நிறுவனங்களில் சம்பளம் அட்டவணைப்படிதான். எத்தனையாவது ஆண்டு, எந்த வகை விமானம், கப்டனா துணை விமானியா என்பவையே அதைத் தீர்மானிக்கும். தனியாகப் பேரம் பேச இடமில்லை. 2024 ஒக்ரோபரில் எயார் கனடா விமானிகள் ஏற்றுக்கொண்ட நான்கு ஆண்டு ஒப்பந்தத்தில் ஏறத்தாழ 42 சதவீத உயர்வு கிடைத்தது. அது சங்கம் கூட்டாகப் பேசிப் பெற்றது. இத்தகைய இடத்தில், "உங்கள் அட்டவணையைப் பார்த்தேன், முதலாம் ஆண்டுச் சம்பளம் எனக்குச் சம்மதம்" என்றால் போதும்.

சங்கம் இல்லாத சிறிய நிறுவனத்தில்தான் உங்கள் பதிலுக்கு விலை உண்டு. முதலில், "இந்த வேலைக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். உங்களையே சொல்லச் சொன்னால், முன்பு அங்கு சேர்ந்தவர்களிடம் விசாரித்து, இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை என்று சொல்லுங்கள். கீழ்த்தொகையைத்தான் அவர்கள் பிடிப்பார்கள். ஆகவே அது உங்களால் சீவிக்கக்கூடிய தொகையாக இருக்கட்டும்.

ஒன்ராறியோவில் 2026 ஜனவரி முதல், 25 பேருக்குக் குறையாத நிறுவனங்கள் வேலை விளம்பரத்தில் சம்பளத்தைக் காட்ட வேண்டும். ஆனால் விமான சேவைகள் மத்திய அரசின் தொழிற்சட்டத்துக்குள் வருவதால் அந்தச் சட்டத்தை நம்பியிருக்க முடியாது.

ஒப்புக்கொள்ள முன் மூன்று விடயங்களைக் கேளுங்கள்.

ஒன்று, மாதம் எத்தனை மணித்தியாலம் உறுதி? விமானிக்குப் பெரும்பாலும் பறக்கும் மணித்தியாலத்துக்கே சம்பளம். விமான நிலையத்தில் காத்திருப்பது கணக்கில் வராது. உதாரணமாக, மணிக்கு 60 டொலர், மாதம் 75 மணித்தியாலம் உறுதி என்றால் ஆண்டுக்கு 54,000 டொலர். உறுதி இல்லையென்றால் அந்த 60 வெறும் எண்.

இரண்டு, பயிற்சிச் செலவுக்கு ஒப்பந்தம் உண்டா? இடையில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும்?

மூன்று, வெளியூரில் தங்குமிடமும் சாப்பாட்டுக் காசும் யார் பொறுப்பு?

அம்மா, மகனிடம் சொல்லுங்கோ: வேலை தருபவருக்கு நன்றி சொல்லலாம், கூலியைக் கேட்டும் வாங்கலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று பகையில்லை.

அடுத்த மாதம் சந்திப்போம்.